இத்தாலிய இலக்கியம் படிக்க ஆசை, மொழி தெரியாது: என்ன செய்வது?

திருச்சியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “இத்தாலிய இலக்கியமும் பண்பாடும் இத்தாலிக்கே போய்ப் படிக்க ஆசை. எம்.ஏ. ஆங்கில வழியில் கிடைக்குமா? மொழியை அங்கே போய்க் கற்றுக்கொண்டால் போதாதா? படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள்.” பார்க்க மூன்று கேள்வி. எனக்கு இதில் தெரிவது ஒரே கேள்விதான்: மொழி கைவராமலே அந்த இலக்கியத்துக்குள் நுழைய ஏதாவது வழி இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

நான் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் இத்தாலிய இலக்கியத்தில் முதுகலை படித்தேன். ஊர் திரும்பியபின் பதினோரு வருடமாக இத்தாலியன் சொல்லிக்கொடுக்கிறேன், மொழிபெயர்ப்பும் செய்கிறேன். எனவே பாடம், தேர்வு, மொழி ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். விசா, கட்டணம், உதவித்தொகை விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. அவற்றில் மாறாத அமைப்பை மட்டும் சொல்கிறேன். தேதிகளையும் தொகைகளையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரடியான பதில்: இலக்கியத்துக்கு ஆங்கில வழியை நம்பிப் போகாதீர்கள். இத்தாலியில் ஆங்கிலத்தில் நடக்கும் பட்டப்படிப்புகள் ஏராளம், ஆனால் அவை பெரும்பாலும் பொருளாதாரம், பொறியியல், மருத்துவம், சர்வதேச உறவுகள் போன்ற துறைகளில். தாந்தே, லேயோபார்தி போன்ற இத்தாலியக் கவிஞர்களை அடியடியாகப் படிக்கும் ‘லெத்தெரே’ என்ற இலக்கியத் துறையில் வகுப்பும் தேர்வும் ஆய்வேடும் இத்தாலிய மொழியில்தான். நான் கிளம்பும்போது ஒரு ஏஜென்சியில், “எல்லாம் இங்கிலீஷ்தான், மொழி மூணு மாசத்தில் தானா வந்துடும்” என்று சொன்னார்கள். நம்பினேன். முதல் வருடம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து, பேராசிரியர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தேடுவதிலேயே போனது. அந்த வருடம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மொழியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் படிப்பில் மொழி நுழைவுச்சீட்டு மட்டும் இல்லை, அதுவேதான் பாடம். 1861-ல் இத்தாலி ஒரே நாடானபோது, மக்களில் எத்தனை பேர் இத்தாலியன் பேசினார்கள்? துல்லியோ தெ மவுரோ 1963-ல் வெளியிட்ட மொழி வரலாற்றில் சொன்ன கணக்கு 2.5 சதவீதம். பிறகு அர்ரீகோ காஸ்தெல்லானி வேறு அளவுகோல் வைத்துக் கிட்டத்தட்ட 10 சதவீதம் என்றார். எது சரி என்பதில் இன்றும் விவாதம் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும், பத்தில் ஒன்பது பேர் வீட்டில் வேறு மொழிதான் பேசினார்கள் என்பது மட்டும் உறுதி. மற்ற நாடுகளில் பெரும்பாலும் தலைநகரமும் அரசும் படையும் பரப்பிய வேலையை இங்கே நூற்றாண்டுக் கணக்கில் புத்தகங்கள் செய்தன. 14ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்சின் மொழியில் தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சோ எழுதினார்கள். 1525-ல் வெனிஸ்காரரான பியெத்ரோ பெம்போ, செய்யுளுக்குப் பெத்ரார்க்காவையும் உரைநடைக்குப் பொக்காச்சோவையும் பின்பற்றுங்கள் என்று விதி எழுதினார். தம் காலத்துக்கு இருநூறு வருடம் முந்திய, தம் ஊருடையதே அல்லாத ஒரு மொழியை அவர் சிபாரிசு செய்தார், அதுவே நிலைத்தது. 1583-ல் ஃபிளாரன்சில் தோன்றிய குருஸ்கா அகாதெமி என்ற மொழிக் கழகம் 1612-ல் பேரகராதி வெளியிட்டது. மிலானில் பிறந்து வளர்ந்த மான்சோனி, 1827-ல் வெளியிட்ட தம் நாவலை ஃபிளாரன்சின் பேச்சுக்கு ஏற்பத் திருத்தி 1840-க்கும் 1842-க்கும் இடையில் மறுபடி வெளியிட்டார். ஒரே கதை, ஒரே பாத்திரங்கள், மாறியது மொழி மட்டும். இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தச் சொல்லை ஏன் மாற்றினார் என்று கேட்பதுதான் அங்கே ஒரு முழு செமஸ்டர் பாடம். மொழிபெயர்ப்பில் படிப்பவருக்கு அந்தப் பாடத்தில் கைபிடிக்க ஒன்றுமே இருக்காது.

இந்த நிலைமை தமிழ் படித்தவர்களுக்குப் புரிய அதிக நேரம் ஆகாது. எழுத ஒரு தமிழ், பேச ஒரு தமிழ் என்று வளர்ந்தவர்கள்தானே நாம். தாந்தே 1300-களின் தொடக்கத்தில் மக்கள் மொழியைப் பற்றி ஒரு நூல் எழுதினார், அதை லத்தீனில் எழுதினார். இத்தாலியில் குறைந்தது 14 வட்டார மொழிகள் இருப்பதாக எண்ணிவிட்டு, ஒரே ஊருக்குள்ளேகூடப் பேச்சு மாறுகிறது என்பதற்கு பொலோஞ்ஞாவை உதாரணம் காட்டுகிறார்: சான் ஃபெலிச்சே பேட்டைக்காரர்கள் பேசுவது வேறு, ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருக்காரர்கள் பேசுவது வேறு. அந்த இரண்டு தெருவும் இன்றும் அதே பெயரில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மழைக்காலத்தில்கூடப் பெரும்பகுதி நனையாமல், தூண்வரிசைத் தாழ்வாரங்களுக்கு அடியிலேயே நடந்து போகலாம். எழுநூறு வருடத்துக்கு முன் ஒருவர் இந்தத் தெருவில் நின்று காதைத் தீட்டிக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தபிறகு, அதில் நடப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

இதில் நமக்கு ஒரு நேரடிச் சொந்தமும் உண்டு. வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி 1680-ல் மந்துவாவுக்கு அருகே காஸ்திலியோனேயில் பிறந்த இத்தாலியர். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தொகுத்தவர் என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். செந்தமிழுக்கு ஒரு இலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணமும் தனித்தனியாக லத்தீனில் எழுதினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேச்சுத் தமிழுக்கான நூல் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அதன் லத்தீன் தலைப்பில் ‘தெ வுல்காரி’ என்று வருகிறது. தாந்தேயின் நூல் தலைப்பும் அதே இரண்டு சொல்லில்தான் தொடங்குகிறது. இதை வைத்துப் பெஸ்கி தாந்தேயைப் பார்த்துத்தான் எழுதினார் என்று சொல்ல முடியாது, பேச்சு வழக்கைக் குறிக்க லத்தீனில் இருந்த பொதுச்சொல் அது. ஆனால் எழுத்து மொழியும் பேச்சு மொழியும் தனித்தனி என்ற விவாதம் இருநூறு வருடம் ஓடிய நாட்டிலிருந்து வந்தவருக்கு, தமிழின் இரட்டை வழக்கு சட்டென்று பிடிபட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, வகுப்பில் என்ன நடக்கும்? தாந்தேயின் ‘திவீனா கொம்மேதியா’ காவியத்தின் முதல் அடியை எடுத்துக்கொள்வோம்: ‘நெல் மெட்ஸோ தெல் கம்மின் தி நோஸ்த்ரா வீத்தா’. நம் வாழ்க்கைப் பயணத்தின் நடுவே என்று பொருள். முதலில் அசை எண்ண வைப்பார்கள்: பதினொன்று, அழுத்தம் பத்தாவது அசையில். அடுத்து ‘நோஸ்த்ரா’ என்ற சொல்லில் நிறுத்துவார்கள். ‘நம்’ வாழ்க்கை என்று தொடங்கியவர், அடுத்த அடியிலேயே ‘மி ரித்ரொவாய்’, ‘என்னைக் கண்டேன்’ என்று ஒருமைக்கு மாறுகிறார். எல்லோருக்கும் பொதுவான வழியில் போய்க்கொண்டிருந்த ஒருவன் தனியாகிவிட்டான். அப்புறம் ‘நடுவே’ என்றால் எத்தனை வயது? மனித ஆயுள் எழுபது என்ற விவிலியக் கணக்குப்படி முப்பத்தைந்து. தாந்தே பிறந்தது 1265, ஆகவே கதை நடப்பது 1300. ஒரு அடிக்கே ஒரு வகுப்பு. காவியத்தில் மொத்தம் 14,233 அடிகள், நூறு பகுதிகள்.

இந்த முறை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் நான் மகிழ்ச்சியோடு சொல்ல விரும்புவது. முதலில் அடியின் பொருளை எளிய உரைநடையில் சொல்ல வேண்டும், அதற்கு ‘பராஃப்ராசி’ என்று பெயர். பிறகு சொல், அணி, குறிப்பு, முந்திய உரைகாரர்கள் சொன்னது. பதவுரை, பொழிப்புரை, விளக்கவுரை என்று நாம் பழகிய அதே படிகள். தாந்தே 1321-ல் இறந்தார். அடுத்த ஆண்டே அவருடைய மகன் யாகோப்போ காவியத்தின் முதல் காண்டமான நரக காண்டத்துக்கு உரை எழுதினார். 1373-ல் ஃபிளாரன்ஸ் நகராட்சி பொக்காச்சோவைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஒரு தேவாலயத்தில் பொதுமக்களுக்குத் தாந்தே சொல்ல வைத்தது. உரைமரபு அறுபடாமல் இன்றுவரை வருகிறது. பரிமேலழகரும் மணக்குடவரும் ஒரு குறளுக்கு வேறு வேறு பொருள் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, 14ஆம் நூற்றாண்டு உரைகாரர் இருவர் முரண்படும் பக்கம் அந்நியமாக இருக்காது. என்னோடு படித்த ஐரோப்பிய மாணவர்கள் சிலர் அங்கே தடுமாறினார்கள். எனக்கு அந்த இடத்தில் மட்டும் சொந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது.

இன்னொரு உதாரணம், சுவடிப் பதிப்புக் கலையிலிருந்து. 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சிசிலி மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்கின் அரசவையில் சிலர் சிசிலிய மொழியில் காதல் பாடல்கள் எழுதினார்கள். சானெட் என்ற பதினான்கடிப் பாடல் வடிவத்தை உருவாக்கியவர் என்று பொதுவாக ஏற்கப்படும் ஜாகொமோ தா லெந்தீனி அவர்களில் ஒருவர். அவர்கள் கைப்பட எழுதியது எதுவும் மிஞ்சவில்லை. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஃபிளாரன்ஸ் இருக்கும் தொஸ்கானா பகுதியின் எழுத்தர்கள் எடுத்த படிகள். அவர்கள் படியெடுக்கும்போது தங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப ஒலியை மாற்றிவிட்டார்கள். சிசிலியில் ‘அவீரி’யும் ‘செர்வீரி’யும் இயைபாக ஒலிக்கும். தொஸ்கானா வழக்கில் ஒன்று ‘அவேரே’, மற்றொன்று ‘செர்வீரே’. இயைபு உடைந்துவிட்டது. அந்த உடைந்த இடம்தான் அடியில் வேறு மொழி இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. ஏட்டில் எதுகை தட்டினால் பாடம் கெட்டிருக்கிறது என்று நம் பதிப்பாசிரியர்கள் சந்தேகப்படுவார்கள் இல்லையா, அதே கண்தான் இங்கேயும் வேண்டும். இதில் ஒரு அழகான திருப்பமும் உண்டு. பின்னால் வந்த கவிஞர்கள் அந்த உடைந்த இயைபைப் பெரியவர்கள் அனுமதித்த மரபு என்று எடுத்துக்கொண்டு தாங்களும் கையாண்டார்கள். தாந்தேயே நரக காண்டத்தின் பத்தாம் பகுதியில் ‘கோமே’, ‘நோமே’ என்பவற்றோடு ‘லூமே’யை இயைக்கிறார்.

தாந்தே கைப்பட எழுதிய ஒரு வரிகூட, ஒரு கையெழுத்துகூட இல்லை. காவியத்துக்குச் சுமார் 800 கையெழுத்துப் படிகள் உண்டு, எல்லாம் பிறர் எழுதியவை. இன்று வகுப்பில் பெரும்பாலும் பயன்படும் மூலபாடம் ஜோர்ஜோ பெத்ரோக்கி 1966, 67-ல் பதிப்பித்தது. அவர் பொக்காச்சோ காலத்துக்கு முந்திய படிகளை மட்டும் அடிப்படையாக வைத்தார். அது சரியான முடிவா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். 1887-ல் சீவக சிந்தாமணி வருவதற்கு முன் உ.வே.சா. எத்தனை ஏடுகளை ஒப்பிட்டார் என்று படித்து வியந்தவர் என்றால், இந்தத் துறை உங்களை விடாது.

பொலோஞ்ஞாவில் என் மனதில் நின்ற ஒரு பொருளைச் சொல்லிவிடுகிறேன். 1265-ல் அந்த நகராட்சி ஒரு பதிவு அலுவலகம் தொடங்கியது. பெரிய தொகைக்கான ஒப்பந்தங்களும் உயில்களும் அங்கே பதிவாக வேண்டும். நம் ஊர்ப் பத்திரப்பதிவு போலத்தான். பதிவேட்டில் காலியிடம் இருந்தால் பின்னால் யாராவது ஒரு வரியைச் செருகிவிடலாம். அதைத் தடுக்க நோட்டரிகள் அந்த இடத்தில் தங்களுக்குப் பிடித்த பாடல்களை எழுதி நிரப்பினார்கள். 1287ஆம் ஆண்டுப் பதிவேட்டில் என்ரிக்கெத்தோ தெல்லே குவேர்ச்சே என்ற நோட்டரி ஒரு சானெட்டை எழுதி வைத்திருக்கிறார். கரிசெந்தா என்ற சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, அங்கே வந்த இன்னும் மேலான ஒன்றைக் கவனிக்கத் தவறிய தன் கண்களைக் கடிந்துகொள்ளும் பாட்டு. தாந்தேயுடையது என்று ஏற்கப்பட்டது, அப்போது அவருக்கு 22 வயது. ஆனால் எழுதிய மொழியில் பொலோஞ்ஞா வாடை அடிக்கிறது, அது படியெடுத்தவரின் நாக்கு. பதிவேட்டின் ஆண்டு உறுதி. அந்த ஆண்டு தாந்தே பொலோஞ்ஞாவில் இருந்தார் என்பது இந்தப் பாட்டை வைத்துச் செய்யும் அனுமானம், நேரடி ஆவணம் இல்லை. கோபுரம் இன்றும் நிற்கிறது, சுமார் 48 மீட்டர். 2023 அக்டோபரில் சரியும் ஆபத்து இருக்கிறது என்று சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். நரக காண்டத்தின் 31ஆம் பகுதியில் குனியும் பூதத்தை அதே கோபுரத்தோடு தாந்தே ஒப்பிடுகிறார்: சாய்ந்த பக்கத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கும்போது மேலே மேகம் நகர்ந்தால், கோபுரமே நம்மேல் விழுவது போல இருக்கும். நான் மேகம் வரும் நாள் பார்த்து நின்று சோதித்திருக்கிறேன். அப்படித்தான் இருக்கிறது.

தேர்வு முறை நம் பல்கலைக்கழகங்களிலிருந்து முற்றிலும் வேறு. இலக்கியப் பாடங்களில் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு. பேராசிரியருக்கு எதிரே உட்கார வேண்டும், அவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டுவார். வாசி, பொருள் சொல், விளக்கு. மதிப்பெண் 30-க்கு, 18 எடுத்தால் தேர்ச்சி. கொடுத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் பொதுவாக மறுத்துவிட்டு அடுத்த தேர்வு நாளில் திரும்ப வரலாம். என் முதல் தேர்வில் 22 கொடுத்து, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இப்படிக் கேட்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் கழித்துப் போய் 28 வாங்கினேன். இடையில் நான் செய்த ஒரே புதிய காரியம், மற்றவர்களின் தேர்வைப் போய்க் கேட்டது. வாய்மொழித் தேர்வு அங்கே பொதுவில் நடக்கும், யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். மூன்று நாள் கேட்டதில், ஆறு மாத வகுப்பில் புரியாதது புரிந்தது: அவர்களுக்கு வேண்டியது மனப்பாடம் செய்த இலக்கிய வரலாறு இல்லை, கண் முன்னால் இருக்கும் அடியில் ஆரம்பித்து வெளியே போகத் தெரிகிறதா என்பதுதான்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். இங்கேதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. இளங்கலை மூன்று வருடம், 180 கிரெடிட். முதுகலை இரண்டு வருடம், 120 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 மணி நேர உழைப்பு, ஆகவே 12 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 300 மணி நேரம். இத்தாலிய இலக்கியத்துக்கு நேராக இட்டுச்செல்லும் முதுகலை ‘ஃபிலொலொஜியா மொதெர்னா’ என்ற பட்டப் பிரிவைச் சேர்ந்தது. அதில் சேர, இளங்கலையிலேயே இத்தாலிய இலக்கியம், மொழியியல், வரலாறு, பல இடங்களில் லத்தீன் ஆகியவற்றில் குறிப்பிட்ட அளவு கிரெடிட் வைத்திருக்க வேண்டும். நம் பி.ஏ. ஆங்கிலத்தில் இவை இருக்காது. பட்டம் இருந்தும் தகுதி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மூன்று வழி தெரிகிறது. இளங்கலையை அங்கே மறுபடி தொடங்குவது ஒன்று, வயதும் பொறுமையும் இருந்தால் இதுதான் உறுதியான அடித்தளம். குறைகிற பாடங்களைத் தனித்தனியாகக் கட்டணம் கட்டிப் படித்து கிரெடிட் சேர்ப்பது இன்னொன்று, நான் செய்தது இதைத்தான். அல்லது ஆங்கிலப் பட்டத்தை வைத்து ஐரோப்பிய மொழி இலக்கியங்களுக்கான முதுகலையில் சேர்ந்து, அதற்குள் இத்தாலியப் பாடங்களை எடுத்துக்கொள்வது. பெரூஜாவிலும் சியேனாவிலும் வெளிநாட்டவருக்கென்றே பல்கலைக்கழகங்கள் உண்டு. மொழியையும் பண்பாட்டையும் சேர்த்துப் படிக்க அவை நல்ல வாசல். லத்தீனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பல துறைகளில் அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தருகிறார்கள். வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த தமிழருக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிட லத்தீன் வேற்றுமைகள் சீக்கிரம் பிடிபடும். இதை என் மாணவர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

‘பண்பாடு’ என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கியத் துறையில் அது ஒரு ஓரமாகத்தான் வரும். சினிமா, நாடகம், இசை, ஓவியம் என்றால் ‘தாம்ஸ்’ என்ற தனிப்படிப்பு இருக்கிறது. 1971-ல் பொலோஞ்ஞாவில் தொடங்கியது, உம்பெர்த்தோ எக்கோ அதில் குறியியல் கற்பித்தார். பழைய படங்களை மீட்டெடுக்கும் பட்டறை ஒன்றும் அந்த ஊரில் உண்டு. உதய் சங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்து 1948-ல் வெளியான ‘கல்பனா’ 2012-ல் அங்கேதான் புதுப்பிக்கப்பட்டது.

மொழித் தயாரிப்பு: இத்தாலிய வழிப் படிப்புக்குக் குறைந்தது பி2 நிலை கேட்பார்கள், அதாவது ஐரோப்பிய மொழித்திறன் அளவின் ஆறு நிலைகளில் நான்காவது. சியேனா நடத்தும் சில்ஸ், பெரூஜா நடத்தும் செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தின் பிளீதா ஆகிய சான்றிதழ்களைப் பொதுவாக ஏற்கிறார்கள். என் மாணவர்களில் வாரம் ஆறு மணி நேரம் வகுப்பும், அதே அளவு வீட்டுப் படிப்பும் செய்தவர்கள் பி2 எட்ட ஒன்றரை வருடம் ஆனது. அதைவிட வேகமாக வந்தவர்கள் இருவர்தான், இருவருக்கும் ஏற்கெனவே பிரெஞ்சு தெரியும். சான்றிதழ் கையில் வந்தாலும் வாய்மொழித் தேர்வுக்கு அது போதாது. கிளம்பும் முன் ஒரு முழு நாவலையாவது இத்தாலியனில் படித்து, அதைப் பற்றிப் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசிப் பழகுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. கணக்கிட்ட வருமான அளவு ஆண்டுக்கு 22,000 யூரோவுக்குள் இருந்தால் கட்டண விலக்கு என்பது பொது விதி. ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குச் சில இடங்களில் நிலையான தொகை வைத்திருக்கிறார்கள், ஆகவே உங்கள் பல்கலைக்கழகம் எந்த முறை என்று முதலில் பாருங்கள். மாகாண அரசுகள் தரும் உதவித்தொகை வேறு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பெரும்பாலும் நீங்கள் இத்தாலி போய்ச் சேரும் முன்பே. வருமானச் சான்று, சொத்து விவரம், மொழிபெயர்ப்பு, சான்றொப்பம் என்று மாதக்கணக்கில் இழுக்கும், ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். பொலோஞ்ஞா போன்ற மாணவர் நகரங்களில் கட்டணத்தைவிட அறை கிடைப்பதுதான் பெரிய பாடு.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன், அது நியாயமான கேள்வி. இந்தப் பட்டத்துக்கென்று காத்திருக்கும் வேலை என்று எதுவும் இல்லை. இத்தாலியப் பள்ளிகளில் நிரந்தர ஆசிரியர் ஆவது வெளிநாட்டவருக்குக் கடினமான பாதை. முனைவர் பட்டம் போட்டித் தேர்வு வழியாகத்தான். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 16,243 யூரோ என்று 2022-ல் நிர்ணயித்தார்கள். அது பிழைக்கப் போதும், சேமிக்கப் போதாது. இந்தியாவில் இலக்கியப் பட்டத்தைவிட மொழித் திறமைக்குத்தான் வேலை: கற்பித்தல், நிறுவனங்களுக்கான மொழிபெயர்ப்பு, சுற்றுலா. எனக்கு மாதா மாதம் வருமானம் தருவது வகுப்புகளும் இயந்திரக் கையேடுகளின் மொழிபெயர்ப்பும்தான், கவிதை இல்லை. இதை வீட்டில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதே சமயம் இத்தாலியனிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்த இலக்கியம் மிகக் குறைவு, பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாக வந்தவை. அந்த வேலைக்கு ஆள் வேண்டும். பணம் வரும் என்று சொல்லவில்லை, ஆள் வேண்டும் என்கிறேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். லேயோபார்தி 1819-ல், 21 வயதில், ரெகானாத்தி என்ற சிற்றூரில் எழுதிய ‘லின்ஃபினீத்தோ’ என்ற கவிதை. பதினைந்தே அடி. மூலத்தையும் ஏதாவது ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துக்கொண்டு, அகராதி துணையோடு ஒரு வாரம் அதோடு மட்டும் இருங்கள். ‘குவெஸ்தோ’, ‘குவெஸ்தா’ என்றால் இது, ‘குவெல்லோ’, ‘குவெல்லா’ என்றால் அது. அவை வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். இரண்டாம் அடியில் ‘இந்த’ உயிர்வேலி, அது தொடுவானத்தை மறைக்கிறது. ஐந்தாம் அடியில் அதே வேலி ‘அது’ ஆகி, அதற்கு அப்பால் முடிவற்ற வெளி விரிகிறது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அவர் அசையவில்லை, சுட்டு மட்டும் நகர்ந்துவிட்டது. பிறகு மௌனம் ‘அந்த’ மௌனம், காற்றின் குரல் ‘இந்தக்’ குரல். கடைசியில் எந்தப் பெருவெளி தூரத்தில் இருந்ததோ அதுவே ‘இந்த’ விரிவு, ‘இந்தக்’ கடல் ஆகிறது. அகரச் சுட்டும் இகரச் சுட்டும் படித்தவர் நீங்கள், இது எங்கே திரும்புகிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அந்த வாரம் எப்படிப் போனது என்று எழுதுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த வழி என்பதை அதற்கப்புறம் பேசலாம்.